பேசாத பெட்டிகள்

இங்கிலீஷ் படித்தவர் என்று ஊரில் ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் மனிதனுக்கு ஓய்வு என்பது கிடையாது. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம், பாங்கியிலிருந்து வந்த கடிதம், வக்கீல் நோட்டீஸ், சிங்கப்பூரிலிருக்கும் மகன் அனுப்பிய பத்திரம் எல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேரும். நாம் நாகப்பட்டினத்துக் கடற்கரையோரத்தில் இருபது வருஷங்களாகப் பௌதிகம் போதித்து வரும் உபாத்தியாயர். 'நாம்' என்று எழுதுவதைப் பார்த்து நேயர்கள் பயப்பட வேண்டாம். அது பத்திரிகை வழக்கம். வீட்டில் நம்மைப் பன்மையில் அழைப்பார் ஒருவரும் இல்லை.

சென்ற வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் மாலை, நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு வரையில் படித்த பழைய மாணவன் ஒருவன் வந்தான். இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். சொந்தத்தில் விசைப்படகு வைத்திருக்கிறான். கையில் பெரிய பை ஒன்று இருந்தது. பையைக் கண்டதும் உள்ளேயிருந்து, “மீனாக இருந்தால் கொல்லைப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்” என்று ஒரு குரல் கேட்டது. ஆனால் அது மீன் கிடைக்கிற காலமல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். மீன்கள் இனம் பெருக்க விடும் அவகாசம் அது. அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வர்ணம் பூசுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்போதுதான் விடுமுறை. ஆகையால் மீன்களும் மாணவர்களும் ஏககாலத்தில் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

வந்தவன் பையைத் திண்ணையில் கவிழ்த்தான். பலவர்ணக் கம்பிச் சுருள்களும் நாலு இங்கிலீஷ் புஸ்தகங்களும் விழுந்தன.

“ஸார், படகிலே நாலு பெட்டி வைத்திருக்கிறேன். நாலும் நல்ல பெட்டிதான். ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை” என்றான்.

“பெட்டிகள் எதற்கப்பா பேச வேண்டும்?”

“புஸ்தகத்திலே படம் போட்டிருக்கிறார்கள், ஸார். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கோடு இழுத்திருக்கிறது. படம் தெரிகிறது, பக்கத்திலே இருக்கிற எழுத்துத்தான் புரியவில்லை. நீங்கள் வந்து பார்த்தால் நல்லது.”

மறுநாள் காலையில் அக்கரைப்பேட்டைக்குப் போனோம். கடுவையாற்றின் ஓரத்தில் படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. ஒரு படகிலிருந்து மற்றொரு படகுக்குத் தாவித் தாவி அவன் படகை அடைவதற்குள், பள்ளிக்கூடத் தேகப்பயிற்சியை அலட்சியம் செய்ததற்காக நாம் மிகவும் வருந்தினோம். சுக்கான் அறையில் நாலு பெட்டிகளும் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன.

முதலாவது பெட்டி ஜி.பி.எஸ். வானத்திலுள்ள செயற்கைக் கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, படகு நிற்கும் இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். கடலின் படத்தையும் காட்டும். இரண்டாவது எக்கோ சவுண்டர். இது கடலடிக்கு ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு ஆழத்தைக் கூறுவது. கடல் நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. முப்பது மீட்டர் ஆழமுள்ள இடத்தில் போய்வர ஒரு வினாடியின் 25-ல் ஒரு பங்குதான் ஆகும். மூன்றாவது ஏ.ஐ.எஸ். என்ற பெட்டி. ஒவ்வொரு கப்பலும் தன் எண்ணையும் இடத்தையும் வேகத்தையும் போகும் திசையையும் ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கிறது. அதைக் கேட்பதும், நம் படகின் செய்தியை அறிவிப்பதும் இதன் வேலை. நாலாவது பெட்டி வி.எச்.எப். ரேடியோ. கப்பல்களோடும் மற்றப் படகுகளோடும் பேசுவதற்கு உரியது. அதன் முகப்பில் ஒரு சிறு மூடிக்குள் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது.

அந்தப் பொத்தானைப் பற்றி நேயர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். ஆபத்துக் காலத்தில் மூடியைத் திறந்து அதைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. 70-ஆம் சானலில், படகுக்கென்று ஏற்பட்ட ஒன்பது இலக்க எண்ணுடன் அபாயச் செய்தி தானே போகும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று ஆரம்பிக்கும். எல்லைக்குள் இருக்கும் பெரிய கப்பல்களில் மணி அடிக்கும். படகு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அந்தச் செய்தியிலேயே போக வேண்டும், போகும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரேடியோவுக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. ஜி.பி.எஸ். பெட்டிக்கு இடம் தெரியும், கூப்பிடத் தெரியாது. ரேடியோவுக்குக் கூப்பிடத் தெரியும், இடம் தெரியாது. இரண்டும் ஒரே பலகையில் ஒரு முழ தூரத்தில் மாட்டப்பட்டிருந்தன. நடுவே இரண்டே இரண்டு கம்பிகள் இல்லை. விற்றவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம் கொடுத்து, விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத சகோதரர்களைப் போல அவை வருஷக்கணக்காகக் கடலில் போய் வந்திருக்கின்றன.

“இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன திடீரென்று?” என்று கேட்டோம்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

ஆறு வருஷங்களுக்கு முன்னால், இந்தப் படகை வாங்குவதற்கு முன்பு, அவன் தன் பெரியப்பாவின் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் நடு ராத்திரியில் இயந்திர அறையில் தண்ணீர் ஏறிவிட்டது. இயந்திரம் நின்றது. படகில் ஐந்து பேர். பெரியப்பா சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொன்னார், அழுத்தினார்கள். ஒரு கப்பல் உடனே பதில் கொடுத்தது. ஆனால் அதற்கு வந்து சேர்ந்தது படகின் எண் மட்டுந்தான். இடத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருந்திருக்கிறது. “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கப்பல்காரர்கள் 16-ஆம் சானலில் இங்கிலீஷில் கேட்டார்கள். ஐவரில் பள்ளிக்கூடம் போனவன் இவன் ஒருவன்தான். பெரியப்பா ஒலிவாங்கியை இவன் கையில் கொடுத்தார்.

ஜி.பி.எஸ். பெட்டியைப் பார்த்து அட்சரேகையைப் படித்தான். டிகிரி பத்து, நிமிஷம் ஐம்பது. 'ஃபிஃப்டி' என்று சொன்னதாகத்தான் அவன் நினைத்தான். காற்றும் அலையும் போட்ட இரைச்சலில், அவன் உச்சரித்த உச்சரிப்பில், கப்பல்காரர்களின் காதில் 'ஃபிஃப்டீன்' என்று விழுந்தது. திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதற்குள் பாட்டரி தண்ணீரில் மூழ்கிப் பெட்டிகள் அனைத்தும் அணைந்துவிட்டன.

அட்சரேகையில் ஒரு நிமிஷம் என்பது ஒரு கடல் மைல். அதாவது 1852 மீட்டர். ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் முப்பத்தைந்து. சுமார் 65 கிலோமீட்டர் தெற்கே போய் அந்தக் கப்பல் விடியும் வரையில் தேடியிருக்கிறது. பாதி மூழ்கிய படகைப் பற்றிக்கொண்டு இவர்கள் இரண்டு இரவுகள் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வேறொரு மீன்பிடிப் படகு தற்செயலாக அந்த வழியே வந்தது. நாலு பேரை ஏற்றிக்கொண்டது. பெரியப்பா இரண்டாவது இரவிலேயே கை நழுவிப் போய்விட்டார்.

“ஊரிலே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஸார். கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். கப்பல்காரர்களுக்கு எந்த நம்பர் காதில் விழுந்தது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது” என்று முடித்தான்.

நமக்கு வாயடைத்துப் போய்விட்டது. அவன் நம்மைக் குறை கூறவில்லை. அப்படி ஓர் எண்ணமே அவனுக்கு இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு எண்களைச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் எது? நம்முடையதுதானே? ஐம்பது என்று எழுதினால் ஐம்பதுக்கு மார்க்குப் போட்டோம். அதைச் சொல்லும்போது பிறர் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு நாளாவது கேட்டுப் பார்த்தோமா? பரீக்ஷைக்கு வேண்டாத விஷயத்தைப் பள்ளிக்கூடம் கவனிப்பதில்லை. கடலோ அதைத்தான் பரீக்ஷையில் கேட்கிறது.

அன்றே நாலு புஸ்தகங்களையும் வீட்டுக்கு எடுத்து வந்து படிக்க உட்கார்ந்தோம். இந்தப் பெட்டிகள் பேசும் பாஷைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1957-ல் ஏற்பட்ட தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம், பல கம்பெனிகளின் பெட்டிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டுமென்று ஒரு பொது இலக்கணம் வகுத்தது. அந்தச் சங்கத்தின் பெயருக்குரிய நாலு எழுத்துக்களைச் சேர்த்து 'என்.எம்.இ.ஏ. 0183' என்று அதற்குப் பெயர். 1983-ல் வந்தது, இன்னும் வழக்கொழியவில்லை.

அதன் இலக்கணத்தைப் படித்தபோது நமக்கு ஒரே சந்தோஷமாகிவிட்டது. ஏனெனில் அது வகுப்பறையின் இலக்கணம். ஒரு கம்பியில் பேசுகிறவர் ஒருவர்தான். கேட்கிறவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம். கேட்கிறவர் குறுக்கே பேசக் கூடாது. இந்த விதி உண்மையாகவே அனுஷ்டிக்கப்படும் வகுப்பு உலகத்தில் இது ஒன்றுதான் என்று தோன்றியது. பேசும் பெட்டி வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறது. ஒரு வாக்கியத்தில் 82 எழுத்துக்களுக்கு மேல் இருக்கலாகாது. முதலில் டாலர் குறி. அப்புறம் பேசுகிறவர் யார் என்பதற்கு இரண்டு எழுத்து. சொல்லும் விஷயம் என்ன என்பதற்கு மூன்று எழுத்து. பின்னர் காற்புள்ளி வைத்து வைத்து நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை எல்லாம் வருகின்றன. கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியும் சோதனை எண் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ல் நின்றுபோயிற்று. அந்தத் தந்திகளில் இத்தனை வார்த்தை என்று எண்ணிக்கை போட்டு அனுப்புவார்கள் அல்லவா? எண்ணிக்கை பொருந்தாவிட்டால் எங்கேயோ தவறு என்று அறியலாம். இதுவும் அப்படித்தான். கேட்கும் பெட்டி தானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அந்த வாக்கியத்தைத் தள்ளிவிடுகிறது. ஐம்பது பதினைந்தாக மாறி வந்தால் அதை அது ஏற்காது. இதைப் படித்த இடத்தில் நாம் புஸ்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

மறுநாள் பி.எஸ்ஸி. பட்டத்தின் முழுத் தைரியத்தோடு வேலையில் இறங்கினோம். ஜி.பி.எஸ். பெட்டியிலிருந்து ஐந்தாறு வர்ணக் கம்பிகள் தொங்கின, ரேடியோவிலிருந்தும் தொங்கின. மஞ்சளோடு மஞ்சளையும் பச்சையோடு பச்சையையும் முறுக்கினோம். கல்யாணப் பொருத்தம் போல மிகவும் அழகாகத்தான் இருந்தது. ரேடியோவின் திரையில் மட்டும் இடத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கோடுகளே நின்றன. ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தோம். கோடுகளும் நம்மை முறைத்துப் பார்த்தன.

மாணவன் படத்தை உற்று நோக்கிவிட்டு மெல்லக் கேட்டான்: “ஸார், இரண்டு பேரும் வாயை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தால் கேட்கிறது யார்?”

சரியான கேள்வி. ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம் போனபடி வர்ணம் வைக்கிறது. ஒருவனுடைய மஞ்சள் பேசும் கம்பி என்றால் மற்றொருவனுடைய மஞ்சளும் பேசும் கம்பியாக இருக்கலாம். மின்சாரக் கம்பியாகக்கூட இருக்கலாம். வர்ணத்தைப் பார்க்கக் கூடாது. பெயரைப் பார்க்க வேண்டும். பேசும் பெட்டியின் 'வெளியே' என்று குறித்த கம்பி, கேட்கும் பெட்டியின் 'உள்ளே' என்று குறித்த கம்பியோடு சேர வேண்டும். அதிலும் கூட்டல் கூட்டலோடு, கழித்தல் கழித்தலோடு. இப்படி மாற்றிப் பூட்டினவுடன் திரையில் கோடுகள் மறைந்தன. இலக்கங்கள் தோன்றின. அட்சரேகை 10 டிகிரி 45 நிமிஷம் சொச்சம். நாம் கடுவையாற்றில் நிற்கிறோம் என்பது ரேடியோவுக்கு முதன்முதலாகத் தெரிந்தது. இரண்டு கம்பிகளின் விலை ஒரு வேளைக் காப்பிச் செலவுக்கு மேலிராது.

எக்கோ சவுண்டர் அதிக முரண்டு பண்ணவில்லை. ஆழத்தைச் சொல்லும் வாக்கியத்தை ஜி.பி.எஸ். பெட்டியின் ஒரு காதில் விட்டதும் ஏற்றுக்கொண்டது. ஏ.ஐ.எஸ். பெட்டிதான் ஒரு நாள் முழுவதையும் தின்றுவிட்டது. கம்பிகள் சரி, உள்ளும் வெளியும் சரி, ஆனாலும் கப்பல்கள் திரையில் வரவில்லை. இரவில் புஸ்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் காரணம் கிடைத்தது. மற்றப் பெட்டிகள் வினாடிக்கு 4800 துணுக்கு என்ற நிதானத்தில் பேசுகின்றன. ஏ.ஐ.எஸ்ஸுக்கு அது போதாது. சுற்றிலுமுள்ள அத்தனை கப்பல்களின் சமாசாரத்தையும் சொல்ல வேண்டியிருப்பதால், 38,400 துணுக்கு என்ற வேகத்தில் பொழிகிறது. கேட்கும் காதையும் அதே வேகத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதற்காக வேறொரு காதை ஒதுக்கி வேகத்தை மாற்றி வைத்தோம். மாற்றிய சிறிது நேரத்தில் திரையில் சின்ன முக்கோணங்கள் முளைத்தன. காரைக்கால் துறைமுகத்துப் பக்கம் ஒன்று, வெளிக்கடலில் இரண்டு. மாணவன் வெளியே போய் வெறுங்கண்ணால் கடலைப் பார்த்துவிட்டு வந்து, “ஒன்றும் தெரியவில்லை, ஸார். ஆனால் இருக்கிறது!” என்றான். இரவில் வலை விட்டுவிட்டு நகர முடியாமல் நிற்கும் படகுக்கு, கண்ணுக்குத் தெரியாத கப்பல் இந்த வழியாய் வருகிறதா என்று அறிவது எவ்வளவு பெரிய காரியம்!

கர்வம் வந்த இடத்தில் பங்கம் வராமலிருக்குமா? மூன்றாம் நாள் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். இயந்திரம் உறுமியவுடன் ரேடியோவின் இலக்கங்கள் மறைந்து, பழைய கோடுகள் வந்து நின்றன. இரண்டு காரணங்கள் இருந்தன. இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டார் மின்சாரத்தை ஒரேயடியாக இழுத்துக்கொள்வதால், அதே பாட்டரியிலிருந்து உண்ணும் பெட்டிகள் பட்டினியில் மயங்குகின்றன. இதற்காகப் பெட்டிகளுக்கென்று தனிப் பாட்டரி வைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ஃபியூஸ் போட்டோம். இரண்டாவது காரணம் நம்முடைய கைவேலை. கம்பிகளை முறுக்கி மேலே டேப் ஒட்டியிருந்தோம். வீட்டில் அது பல வருஷம் நிற்கும். கடலிலோ உப்புக் காற்று சில மாதங்களில் செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும். அதற்கு முன் அதிர்ச்சியே அதைத் தளர்த்திவிடும். ஈயம் பூசிய செம்புக் கம்பி வாங்கி, இணைப்புக் குழாயில் செருகி இறுக நெரித்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடினோம். திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி மாட்டியிருந்ததையும் அப்புறப்படுத்தினோம். அதிலுள்ள காந்தம் காந்த ஊசியைத் திசை தப்பச் செய்யும்.

எல்லாம் முடிந்ததும், சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட வேண்டுமென்று நமக்கு ஆசை உண்டாயிற்று. விரல் மூடி வரைக்கும் போய்விட்டது. மாணவன் நம் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நம்மை அவன் தொட்டதில்லை.

“வேண்டாம், ஸார். அது விளையாட்டுக்கு அழுத்துகிற பொத்தான் இல்லை. எங்கேயோ ஒரு கப்பல்காரன் நிஜமென்று நினைத்துத் திரும்பிவிடுவான்” என்றான்.

பொய் அபாயச் செய்தி அனுப்புவது குற்றம் என்று புஸ்தகத்திலும் எழுதியிருந்தது. படித்தவர் நாம், அதைத் தெரிந்து நடந்தவன் அவன். திரையில் இடம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே சோதனை முடிந்தது.

புதிய படகுகளில் 'என்.எம்.இ.ஏ. 2000' என்ற வேறு ஏற்பாடு வருகிறது. அதில் பெட்டிக்குப் பெட்டி தனிக் கம்பி இல்லை. நடுவே ஒரே ராஜபாட்டை. எல்லாப் பெட்டிகளும் சிறு சந்துகளாக அதில் வந்து சேர்கின்றன. மோட்டார் வண்டிகளுக்காக ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டது. எல்லோரும் பேசலாம். இருவர் ஒரே சமயத்தில் வாய் திறந்தால், அவசரச் செய்திக்காரர் தொடர்ந்து பேசுவார். மற்றவர் தாமாக நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். நம் சபைகளில் இல்லாத நாகரிகம் இது. ராஜபாட்டையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிற்று என்று அர்த்தம். சந்து ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் பாதி வியாதிக்கு வைத்தியம் தெரிந்ததாகும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. வி.எச்.எப். ரேடியோவின் குரல் ஏறக்குறையக் கண்ணெட்டும் தூரத்தைச் சிறிதுதான் தாண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலிலிருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலருக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை எட்டவே இல்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் மூலமாகவே செய்தி போய்வரும் சாதனங்களை நம் நாட்டாரே செய்தார்கள். 2024 ஆகஸ்டு 30-ல் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு அத்தகைய பெட்டி வைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஐந்தாவது பெட்டி வந்தாலும் அதைப் பூட்டுகிறவருக்கு விஷயம் விளங்கவில்லையானால், பலகையில் பேசாத சகோதரர் இன்னொருவர் கூடுவார், அவ்வளவுதான்.

பெட்டி எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் இருக்கட்டும். அதைப் பற்றிய அறிவு நம் பாஷையில் இருக்க வேண்டாமா? படகில் போகிறவர்கள் தமிழர்கள். உயிர் அவர்களுடையது. வழிகாட்டிப் புஸ்தகமோ பத்து அந்நிய பாஷைகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. பரம்பரையாக வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, நட்சத்திரம் பார்த்துத் திசையறிந்த ஜனங்களுக்கு இந்த நாலு பெட்டி புரியாது என்று எந்த முட்டாள் சொல்வான்? சொல்கிற விதத்தில் சொல்ல ஆள் இல்லை என்பதே குறை. சொல்லக் கடமைப்பட்ட ஆட்கள் நம்மைப் போன்றவர்கள். நாம் திண்ணையில் உட்கார்ந்து நோட்டீஸ் படித்துக் கொண்டிருந்தோம்.

ஆகையால் ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதினோம். எந்தக் கம்பி எதனோடு சேர்ந்திருக்கிறது. திரையில் கோடு வந்தால் எதை முதலில் பார்ப்பது. ஆபத்தில் என்ன செய்வது. எண்களைச் சொல்லும் முறையையும் பெரிய எழுத்தில் எழுதினோம். கடல் ரேடியோவில் எண்ணை முழுதாகச் சொல்லக் கூடாது, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச வழக்கு. 'ஃபிஃப்டி' இல்லை, 'ஃபைவ், ஸீரோ.' 'ஃபிஃப்டீன்' இல்லை, 'ஒன், ஃபைவ்.' எவ்வளவு இரைச்சலிலும் இரண்டும் ஒன்றாகக் கேட்காது. புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிஷத்தின் தசாம்சம், வினாடியல்ல என்பதையும் சேர்த்துக்கொண்டோம். 45.30 நிமிஷத்தை 45 நிமிஷம் 30 வினாடி என்று கொண்டால், சுமார் 370 மீட்டர் தவறிவிடும். இருட்டில் அதுவே ஒரு தலைக்கு எமன்.

தாளைக் கண்ணாடித் தகட்டுக்குள் வைத்துச் சுக்கான் அறையில் மாட்டினான். பக்கத்தில் பெரியப்பாவின் படம் இருந்தது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

ஜூன் 15-ஆம் தேதி விடியற்காலையில் படகுகள் புறப்பட்டன. ஐந்தாம் நாள் மாலை அவன் மறுபடியும் திண்ணைக்கு வந்தான். பையில் இந்தத் தடவை மீன்தான் இருந்தது. “பெட்டிகள் எப்படியப்பா?” என்று கேட்டோம். “பேசிக்கொண்டே இருக்கின்றன, ஸார். பக்கத்துப் படகுக்காரர் மூன்று பேர் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்” என்றான்.

பள்ளிக்கூடம் திறந்தபின் எட்டாம் வகுப்பில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டு வந்திருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே இரண்டு பையன்கள் தகரத்தைத் தட்டி ஓசை பண்ணுவார்கள். ஒரு மாணவன் கரும்பலகைக்குப் பின்னாலிருந்து ஓர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இலக்கம் இலக்கமாகப் படிப்பான். மற்றவர்கள் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்துதான். தலைமையாசிரியர் ஒரு நாள் சத்தம் கேட்டு வந்து, இது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று விசாரித்தார். பாடத்திட்டத்தில் இல்லை என்று உள்ளதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் நின்று கேட்டார். பிறகு தாமும் ஒரு காகிதம் வாங்கி, கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்.

முதல் தடவை அவருக்கும் ஒன்று தப்பிற்று.